வாரத்தில் எத்தனை நாள்? ஒரு நாளில் எவ்வளவு?
மது அருந்துவது பற்றி மருத்துவர் கேட்கும்போது

சில ஆண்டுகளுக்கு முன், குடலிறக்க அறுவை சிகிச்சைக்காக ஒருவர் எங்கள் மருத்துவமனையில் சேர்ந்தார். ஐம்பது வயதைக் கடந்தவர், அமைதியானவர். சேர்க்கையின்போது, "மது அருந்தும் பழக்கம் உண்டா?" என்று வழக்கம்போல் கேட்டோம். அருகில் அவர் மனைவியும் மருமகனும் நின்றிருந்தனர். "எப்போதாவது, விசேஷம் என்றால்" என்றார் அவர். நாங்களும் அப்படியே எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குச் சென்றோம்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. மறுநாள் அவர் கைகள் நடுங்கின, உடல் வியர்த்தது. மூன்றாம் நாள் இரவு அவரால் மனைவியை அடையாளம் காண முடியவில்லை. சுவரெங்கும் பூச்சிகள் ஊர்வதாகக் கூறினார்; கையில் ஏறிக்கொண்டிருந்த சலைன் குழாயைப் பிடுங்கிவிட்டுக் கட்டிலிலிருந்து இறங்க முயன்றார். அப்போதுதான் அவர் மனைவி தாழ்வாரத்தில் நின்றபடி எங்கள் செவிலியரிடம் உண்மையைச் சொன்னார். பல ஆண்டுகளாக ஒவ்வொரு மாலையும் ஒரு குவார்ட்டர். அண்மைக் காலமாக அதற்கும் மேல்.

நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்த உடல், திடீரென மது நின்றுபோனதால் நிலைகுலைந்திருந்தது. காரணம் தெரிந்தபின் உரிய மருந்து கொடுக்கப்பட்டது, அவர் பிழைத்தார். முன்னரே தெரிந்திருந்தால் அந்த மருந்தை முதல் நாளிலேயே தொடங்கியிருப்போம். அந்த இரவே நேர்ந்திருக்காது.

"அவர் உண்மையைச் சொல்லவில்லை" என்று அன்று நாங்கள் எங்களுக்குள் பேசிக்கொண்டோம். தையல் பிரிக்க வந்தபோது அவரே அதைப் பற்றி எடுத்தார். "மருமகன் பக்கத்தில் நிற்கும்போது வேறென்ன சொல்வேன், டாக்டர்? தனியாகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்" என்றார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. நாங்கள் கேட்டது சரியான கேள்விதான். கேட்ட இடமும் கேட்ட விதமும் தவறு.

அதன்பின் எங்கள் பொது மருத்துவப் புறநோயாளர் பிரிவில் இந்தக் கேள்வியைக் கேட்கும் முறையை மாற்றிக்கொண்டோம். எதற்காகக் கேட்கிறோம், எப்படிக் கேட்கிறோம், உங்கள் பதிலை வைத்து என்ன செய்கிறோம் என்பதை நோயாளிகளும் குடும்பத்தாரும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

எல்லோரிடமும் ஏன் கேட்கிறோம்?

மது பற்றிக் கேட்டவுடன், "என்னைப் பார்த்தால் குடிகாரனைப் போலவா தெரிகிறது?" என்று சிலர் மனம் புண்படுகின்றனர். தெரியவில்லை, அதனால்தான் எல்லோரிடமும் கேட்கிறோம். தெருவில் விழுந்து கிடப்பவர் மட்டுமே மதுவால் பாதிக்கப்பட்டவர் என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. நாங்கள் நாள்தோறும் காண்பது வேறு. வேலைக்குத் தவறாமல் செல்பவர், வீட்டில் சண்டையிடாதவர், எந்நாளும் தள்ளாடாதவர் ஆகியோருக்கும் மதுவால் இரத்த அழுத்தம் உயர்கிறது, கல்லீரலில் கொழுப்பு சேர்கிறது, உறக்கம் கெடுகிறது, சர்க்கரை கட்டுப்பட மறுக்கிறது.

மத்திய அரசுக்காகப் புது தில்லி எய்ம்ஸ் நிறுவனம் நடத்தி 2019-இல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் 14.6 சதவீதத்தினர், அதாவது ஏறக்குறைய 16 கோடிப் பேர் மது அருந்துகின்றனர். அவர்களில் ஏறத்தாழ 5.7 கோடிப் பேருக்கு உதவி தேவைப்படுகிறது. இத்தனை பேரும் மறுவாழ்வு மையத்தில் சேர வேண்டியவர்கள் அல்லர். மதுவை விடமுடியாத அடிமை நிலையை எட்டாமல், ஆனால் உடலுக்குக் கேடு தரும் அளவில் குடிப்பவர்கள் அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர். காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் இவர்கள் எங்களைப் போன்ற பொது மருத்துவரிடம்தான் வருகின்றனர். இவர்களிடம் இது பற்றிப் பேசக் கிடைக்கும் வாய்ப்பும் அப்போதுதான்.

பெண்களிடமும் கேட்கிறோம். குடிக்கும் பெண்களுக்கு அதை வெளியே சொல்வது ஆண்களைவிடப் பன்மடங்கு கடினம் என்பதை அறிவோம். அதே அளவு மது பெண்ணுடலில் கூடுதல் தீங்கு விளைவிக்கும். கருவுற்றிருக்கும்போது பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. ஆகவே இந்தக் கேள்வியைத் தவிர்ப்பது மரியாதை ஆகாது.

எப்படிக் கேட்கிறோம்?

முதலில், தனியாகக் கேட்கிறோம். உடன் வந்தவரைச் சற்று நேரம் வெளியே அமரச் சொல்வது இதற்காகவே. அடுத்து, அனுமதி பெற்றுக் கேட்கிறோம். மூன்றாவதாக, "குடிப்பீர்களா?" என்று கேட்பதைக் கைவிட்டுவிட்டோம். அதற்கு "இல்லை", "எப்போதாவது" என்னும் இரண்டு பதில்களே வரும். எத்தனை நாள், எவ்வளவு என்று எண்ணிக்கையில் கேட்டால், பதிலும் எண்ணிக்கையில் வருகிறது.

இதற்காக உலக சுகாதார நிறுவனம் ஆறு நாடுகளில் ஆய்வு நடத்தி உருவாக்கிய 'ஆடிட்' என்னும் வினாத்தாளைப் பயன்படுத்துகிறோம். 1989-இல் முதன்முதலாக வெளிவந்தது இது. மொத்தம் 10 கேள்விகள். 0 முதல் 40 வரை மதிப்பெண். 8 அல்லது அதற்கு மேல் என்றால், குடிக்கும் அளவு கவனிக்கத்தக்கது என்று பொருள். 8 முதல் 15 வரை எளிய அறிவுரை போதும். 16 முதல் 19 வரை அறிவுரையோடு தொடர் ஆலோசனையும் தேவை. 20 அல்லது அதற்கு மேல் என்றால் சிறப்பு மருத்துவரின் மதிப்பீடு தேவை. நேரம் குறைவாக உள்ள நாளில் முதல் மூன்று கேள்விகளை மட்டும் கேட்கிறோம்: எவ்வளவு நாளுக்கு ஒருமுறை குடிக்கிறீர்கள்? குடிக்கும் நாளில் எத்தனை அளவு? ஒரே நேரத்தில் ஆறு அளவோ அதற்கு மேலோ குடிப்பது எத்தனை நாளுக்கு ஒருமுறை?

ஒரு குவார்ட்டர் எத்தனை அளவு?

இங்கேதான் பலர் திடுக்கிடுகின்றனர். 'அளவு' என்று உலக சுகாதார நிறுவனம் குறிப்பது 10 கிராம் தூய ஆல்கஹாலை. நம் ஊரில் விற்கும் குவார்ட்டர் பாட்டிலில் 180 மில்லி மது உள்ளது, அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். கணக்கிட்டால் ஏறத்தாழ 61 கிராம் வருகிறது. அதாவது, ஒரு குவார்ட்டர் என்பது ஆறு அளவு. அதில் பாதியான 'கட்டிங்' மூன்று அளவு. 650 மில்லி பியர் பாட்டிலில் 5 சதவீத ஆல்கஹால் இருந்தால் இரண்டரை அளவு. 8 சதவீத 'ஸ்ட்ராங்' பியர் என்றால் நான்கு அளவு. "பியர்தானே" என்று சொல்லி இரண்டு ஸ்ட்ராங் பாட்டில் குடித்தவர், ஒரு குவார்ட்டர் குடித்தவரைவிடக் கூடுதலாகவே குடித்திருக்கிறார்.

மூன்றாவது கேள்வியில் வரும் 'ஆறு அளவு' என்பது அதிகக் குடியைக் கண்டறிவதற்கான எல்லைக்கோடு. நம் ஊரில் 'ஒரு குவார்ட்டர்தான்' என்று எளிதாகச் சொல்லப்படுவது அந்தக் கோட்டின் மேலேயே நிற்கிறது. இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அலுவலர்கள் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஒரு வாரத்துக்கு 112 கிராமுக்கு மேல் வேண்டாம் என்கிறது. வாரத்துக்கு இரண்டு குவார்ட்டர் குடித்தாலே அதைத் தாண்டிவிடுகிறோம். அந்த எல்லைக்குள் இருந்தால் தீங்கே இல்லை என்றும் கருதிவிட வேண்டாம். புற்றுநோயை உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் மது 1988 முதலே இடம்பெற்றுள்ளது. உடல்நலத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை என்பதை உலக சுகாதார நிறுவனம் 2023-இல் மீண்டும் வலியுறுத்தியது. எவ்வளவு குறைத்தாலும் அந்த அளவுக்கு இடர் குறைகிறது என்பதே நாங்கள் சொல்ல வருவது.

அறைக்குள் நடக்கும் உரையாடல்

இத்தகைய உரையாடல் எப்படி இருக்கும்? எவருடைய அடையாளமும் வெளிப்படாதவாறு, பலரிடம் பேசியவற்றைச் சேர்த்து ஒரு சித்திரமாகத் தருகிறோம். நாற்பத்து நான்கு வயதானவர். லேத் பட்டறை வைத்திருப்பவர். இரண்டு மாத்திரைகள் எடுத்தும் அவருடைய இரத்த அழுத்தம் 160/100-இல் நிற்கிறது.

"மது பற்றிச் சில கேள்விகள் கேட்கலாமா? எல்லோரிடமும் கேட்பதுதான்."

"கேளுங்கள், டாக்டர்."

"வாரத்தில் எத்தனை நாள்?"

"சனி, ஞாயிறு. நடுவில் புதன்கிழமை ஒரு நாள்."

"அந்த நாள்களில் எவ்வளவு?"

"ஒரு குவார்ட்டர். சனிக்கிழமை கொஞ்சம் கூடும்."

"காலையில் கை நடுக்கம், குடித்தால்தான் நிற்கும் என்பது போல ஏதாவது உண்டா?"

"அதெல்லாம் இல்லை."

"குடிப்பதில் உங்களுக்குப் பிடித்தது என்ன?"

அவர் வியப்புடன் நிமிர்ந்து பார்க்கிறார். "நாள் முழுக்க நின்ற உடம்பு, டாக்டர். குடித்தால் படுத்ததும் தூக்கம் வருகிறது."

"பிடிக்காதது?"

சிறிது நேரம் பேச்சில்லை. "சின்னப் பெண் பக்கத்தில் வந்து படுக்க மாட்டேன் என்கிறாள். நாற்றமாம்."

"இரத்த அழுத்தம் ஏறுவதற்கு மதுவும் ஒரு காரணம். குறைத்தால் சில வாரங்களிலேயே அழுத்தம் இறங்க வாய்ப்பு உண்டு. குறைப்பது உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று 0 முதல் 10 வரை ஓர் எண் சொல்லுங்கள்."

"ஒரு 5."

"ஏன் 2 என்று சொல்லவில்லை?"

"எங்கள் அப்பா பிரஷர் ஏறித்தான் ஒரு பக்கம் கைகால் விழுந்து படுத்தார். ஆறு வருஷம் படுக்கையில் கிடந்தார்."

"அப்படியென்றால், என்ன செய்யலாம் என்று நினைக்கிறீர்கள்?"

"புதன்கிழமையை விட்டுவிடுகிறேன். சனி, ஞாயிறு கட்டிங்கோடு நிறுத்திப் பார்க்கிறேன்."

"நல்லது. நான்கு வாரம் கழித்து வாருங்கள். அழுத்தம் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று சேர்ந்தே பார்ப்போம்."

இவ்வளவுதான், ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மருத்துவர் மிரட்டவில்லை, ஒழுக்க உபதேசமும் செய்யவில்லை. "ஏன் 10 என்று சொல்லவில்லை?" என்று கேட்டிருந்தால், குடியை விட முடியாததற்கான காரணங்களை அவர் அடுக்கியிருப்பார். "ஏன் 2 இல்லை?" என்று கேட்டதால், குறைக்க வேண்டியதன் காரணங்கள் அவர் வாயிலிருந்தே வந்தன. பிறர் சொல்லும் காரணத்தைவிடத் தாமே சொன்ன காரணம் மனிதரை நகர்த்தும். இந்த அணுகுமுறையை அமெரிக்க உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் எழுத்தில் முன்வைத்தார். பின்னர் ஸ்டீபன் ரோல்நிக்குடன் இணைந்து விரிவாக்கினார். எச்சரிக்கையும் கண்டிப்பும் குடிப்பவரைத் தற்காப்புக்குள் தள்ளுகின்றன என்பதை நாங்களும் எங்கள் பழைய தவறுகளிலிருந்து கற்றுக்கொண்டோம்.

வெறும் பேச்சால் பயன் உண்டா?

உண்டு, ஆனால் அது மந்திரமன்று. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில், ஆடிட் மதிப்பெண் 12 முதல் 19 வரை இருந்த 377 ஆண்களிடம் நடத்திய ஆய்வு, 'லான்செட்' இதழில் 2017-இல் வெளியானது. மனநலத் துறையில் தொழில்முறைக் கல்வி இல்லாத, ஆனால் முறையாகப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள், அதிகபட்சம் நான்கு அமர்வுகள் பேசினர். மூன்று மாதங்களுக்குப்பின், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதத்தினர் கேடு தரும் குடியிலிருந்து மீண்டிருந்தனர். ஆலோசனையும் பெற்றவர்களில் 36 சதவீதத்தினர் மீண்டிருந்தனர். எல்லோரும் மாறிவிடவில்லை. ஆயினும் நூற்றில் பத்துக் குடும்பங்கள் கூடுதலாக நிம்மதி பெறுவது சிறிய செய்தி அன்று.

முதல் முயற்சியில் தவறியவர் பலர். தவறியபின் வெட்கப்பட்டு மருத்துவரிடம் வராமல் இருந்துவிடுவதே எங்களுக்குக் கவலை தருகிறது. "மறுபடி குடித்துவிட்டேன்" என்று சொல்ல வருபவரை நாங்கள் கடிந்துகொள்வதில்லை. எந்த நாளில், எந்தச் சூழலில் தவறியது என்று சேர்ந்து பார்க்கிறோம்.

மருந்தும் மதுவும்

அளவைச் சரியாகச் சொல்வது மருந்துக்காகவும் வேண்டியிருக்கிறது. இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர் வெறும் வயிற்றில் குடித்தால், சர்க்கரை அபாயகரமாகத் தாழ்ந்துவிடும். அப்போது ஏற்படும் உளறலும் தள்ளாட்டமும் போதையைப் போலவே தோன்றுவதால், "தூங்கட்டும்" என்று வீட்டார் விட்டுவிடுகின்றனர். அந்த உறக்கத்திலிருந்து எழாமலே போனவர்களும் உண்டு. மிகுதியாகக் குடிப்பவருக்கு மெட்பார்மின் இரத்தத்தில் அமிலம் சேரும் இடரைக் கூட்டும். காசநோய் மருந்துகளும், அளவு மீறிய பாரசிட்டமாலும் மதுவுடன் சேர்ந்தால் கல்லீரலைத் தாக்கும். தூக்க மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சே மந்தமாகலாம். நீங்கள் சொல்லும் எண்ணைக் கொண்டே மருந்தையும் அளவையும் தேர்ந்தெடுக்கிறோம். 'எப்போதாவது' என்ற ஒரு சொல்லை நம்பி எழுதிய மருந்துச்சீட்டு உங்களுக்கே கேடாக முடியலாம்.

குடும்பத்தாருக்குச் சில சொற்கள்

உங்கள் துயரத்தை நாங்கள் அறிவோம். மருத்துவர் அறைக்குள் நுழைந்தவுடன், "இவர் குடிப்பதைப் பற்றிக் கேளுங்கள், டாக்டர்" என்று கொட்டித்தீர்க்கத் தோன்றுவது இயல்பே. ஆனால் அவர் முன்னிலையில் குற்றம் சாட்டினால், அவர் வாய் மூடிக்கொள்வார். நீங்கள் அறிந்ததைத் தனியாக எங்களிடமோ செவிலியரிடமோ சொல்லுங்கள். அவர் பதிலை அவரே சொல்லட்டும். உங்கள் உறக்கமின்மைக்கும் மனச்சோர்வுக்கும் நீங்களும் மருத்துவரைப் பார்க்கலாம். வீட்டில் அடி, உதை இருந்தால் அதையும் மறைக்காதீர்கள்.

இரண்டு செயல்களை மட்டும் செய்ய வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம். ஒன்று, 'அவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தும் மருந்து' என்று விற்கப்படும் பொடியைச் சோற்றிலோ காப்பியிலோ கலந்து கொடுப்பது. டைசல்பிரம் என்னும் மருந்து அதில் இருந்தால், அது தெரியாமல் அவர் குடிக்கும்போது இரத்த அழுத்தம் சரிந்து, இதயத் துடிப்பு தடுமாறி, உயிரே போகலாம். நோயாளி அறிந்து, இசைந்து, மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே எடுக்க வேண்டிய மருந்து அது.

மற்றொன்று, நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவரை வீட்டில் பூட்டிவைத்து ஒரேயடியாக நிறுத்துவது. நிறுத்திய சில மணி நேரத்தில் நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாள்களில் மனக்குழப்பமும் இல்லாததைக் காண்பதும் ஏற்படலாம். இது மருத்துவ அவசரநிலை, 108-ஐ அழையுங்கள். முன்கூட்டியே எங்களிடம் வந்தால், மாத்திரைகளும் வைட்டமின் பி1-உம் கொடுத்துப் பாதுகாப்பாக நிறுத்த உதவ முடியும். வேறு சிகிச்சைக்காக அவரை மருத்துவமனையில் சேர்க்கும்போதும் கடைசியாக எப்போது குடித்தார் என்பதை மறவாமல் சொல்லுங்கள்.

சொன்னால் யாருக்குத் தெரியும்?

நீங்கள் சொல்வது மருத்துவக் குறிப்பில் பதிவாகும். உங்களுக்குச் சிகிச்சை தருபவர்கள் அதைப் படிப்பார்கள். உங்கள் இசைவின்றி மனைவியிடமோ, பெற்றோரிடமோ, வேலை தரும் நிறுவனத்திடமோ நாங்களாகச் சொல்வதில்லை. காப்பீடு பற்றிச் சிலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் புரிகிறது. காப்பீட்டு விதிகள் பாலிசிக்குப் பாலிசி மாறுபடும். நாங்கள் உள்ளதை மாற்றி எழுத இயலாது. ஆனால் என்ன எழுதப்போகிறோம் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, தயங்காமல் கேளுங்கள்.

அடுத்த முறை வருவதற்கு முன்

ஒரு வாரம் மட்டும், நாள்காட்டித் தாளிலோ கைபேசியிலோ, குடித்த நாளையும் அளவையும் குறித்து வாருங்கள். குவார்ட்டருக்கு ஆறு, கட்டிங்குக்கு மூன்று, ஸ்ட்ராங் பியர் பாட்டிலுக்கு நான்கு என்று எண்ணிக் கூட்டுங்கள். வேறெவருக்கும் காட்ட வேண்டியதில்லை. கூட்டுத்தொகையைப் பார்த்த அளவிலேயே தாமாகக் குறைத்துக்கொண்டவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். அதற்கு முன்பே பேச வேண்டும் எனத் தோன்றினால், போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416. தமிழ்நாட்டு அரசின் மருத்துவ ஆலோசனை எண் 104.

அந்தக் குடலிறக்க நோயாளி இன்றும் இரத்த அழுத்தப் பரிசோதனைக்கு எங்களிடம் வருகிறார். இடையில் இருமுறை மீண்டும் குடித்தார். இருமுறையும் தாமே வந்து சொன்னார். இப்போது அறைக்குள் நுழைந்ததும், நாங்கள் கேட்பதற்கு முன்பே கடந்த மாதக் கணக்கை அவரே சொல்லிவிடுகிறார். மருமகனும் சில நாள் உடன் வருவதுண்டு. அவர் வெளியே இருக்கையில் அமர்ந்திருப்பார்.